கேம் ரிலீஸுக்கு 5 வாரம்தான் இருக்கிறது, எட்டாவது ராத்திரியைத் தாண்ட முடியவில்லை. தேதியைத் தள்ளிப் போடலாமா?

நள்ளிரவு_டீ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் தங்கையும் மூன்று வருடமாக ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறோம். நெடுஞ்சாலை ஓரத்தில் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு டீக்கடை. லாரி டிரைவர்கள், ஆம்னி பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்கள், கல்யாண வேன், பால் வண்டிக்காரர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டே அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும், அதிலிருந்து ஒரு கதை மெல்லப் பிடிபடும். மொத்தம் 14 ராத்திரி, முழுதாக விளையாட நான்கு மணி நேரம் ஆகும். கோடோ என்கிற, கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்கிறோம். கோட் நான், படம் எல்லாம் தங்கை. எனக்குப் பகலில் பில்லிங் சாஃப்ட்வேர் வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில், எங்கள் பக்கத்தில் ரிலீஸ் தேதியைப் போட்டுவிட்டோம். தேதி இல்லாமல் வேலை முடியாது, ஒரு நாளைக் குறித்துவிட்டால் ஓடியாவது முடித்துவிடுவோம் என்று அப்போது தோன்றியது. வாங்க விரும்பிக் குறித்து வைக்கிற விஷ்லிஸ்ட்டில் ஏறக்குறைய 3,000 பேர் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற ஆட்களுக்கு அது பெரிய எண்.

போன வாரம் நண்பர்கள் ஆறு பேரிடம் முழு கேமையும் கொடுத்தோம். நான்கு பேரால் எட்டாவது ராத்திரியைத் தாண்ட முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்த ஆள் எழுந்து போவதே இல்லை. டீயைக் குடித்துவிட்டு, கிளாஸைக் கீழே வைத்து, காசும் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். கடையில் நான்கு பெஞ்ச். நான்கும் இப்படி நிறைந்துவிட்டால் புது ஆள் வர இடம் இல்லை, ராத்திரி விடியாது, கேம் அங்கேயே நின்றுவிடும். மற்ற இரண்டு பேர் எந்தச் சிக்கலும் இல்லாமல் கடைசி வரை விளையாடி முடித்துவிட்டார்கள். என் கணினியில் ஒரு தடவைகூட இது வரவில்லை. அன்றிலிருந்து தேடுகிறேன்.

இதில் இன்னொரு வருத்தம். டீ ஆற்றும்போது நுரை சரியாக வர வேண்டும் என்று மட்டும் நாங்கள் மூன்று வாரம் செலவழித்திருக்கிறோம். அது அழகாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது அந்த மூன்று வாரம் கையில் இருந்தால் என்று நினைக்கிறேன்.

மூன்று வழி தெரிகிறது. சொன்ன தேதியில் விட்டுவிட்டுப் பிறகு பேட்ச் (திருத்தம்) போடுவது. எர்லி ஆக்சஸ் (இன்னும் முழுதாகாத கேமையே விற்பது) என்று பெயர் மாற்றி விடுவது. இல்லையென்றால் தேதியைத் தள்ளுவது. தங்கை தள்ளலாம் என்கிறாள். வீட்டில் அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "எப்போடா வருது?" என்று கேட்கிறார், அவரிடம் மறுபடி இன்னொரு மாதத்தைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_டெஸ்டர் எழுதியது:

தள்ளிப் போடுங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

நான் ஆறு வருடம் ஒரு கேம் கம்பெனியில் டெஸ்டராக இருந்தவன், பெயர் வேண்டாம். பக் (கோடில் உள்ள பிழை) இருக்கிறது என்று தெரிந்தே ரிலீஸ் செய்த நாட்களை நேரில் பார்த்திருக்கிறேன். நாங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் சிவப்பாக இருந்தவை எல்லாம் ஒரே மீட்டிங்கில் மஞ்சள் ஆகிவிடும், பிரச்சினை அப்படியே இருக்கும். ரிலீஸ் அன்று ராத்திரி ரிவ்யூக்கள் வர ஆரம்பிக்கும்போது ஒவ்வொன்றும் நாங்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த வரியாக இருக்கும். அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

பெரிய உதாரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சைபர்பங்க் 2077. அதைச் செய்த போலந்து கம்பெனி சிடி ப்ராஜெக்ட் ரெட் 2019 ஜூனில் மேடை ஏறி 2020 ஏப்ரல் 16 என்று நாளைச் சொன்னது. அது செப்டம்பர் 17 ஆனது, பிறகு நவம்பர் 19 ஆனது. அக்டோபர் தொடக்கத்தில் "கோல்டு" ஆகிவிட்டது என்றார்கள். டிஸ்க்கில் அடிக்கப் போகிற பில்ட் (கேமின் பதிப்பு) தயார், இனி பின்வாங்கல் இல்லை என்பதுதான் அந்தச் சொல்லுக்கு எல்லோரும் எடுத்துக்கொள்ளும் அர்த்தம். மூன்று வாரம் கழித்து அதுவும் மாறி டிசம்பர் 10. இத்தனை முறை தள்ளியும் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்கிற பழைய கன்சோல்கள் இரண்டிலும் கேம் தடுமாறியது. ஒரு வாரத்திலேயே சோனி தன் கடையில் இருந்து அதை எடுத்துவிட்டது, திரும்ப வந்தது 2021 ஜூனில்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒரு இடம். 2021 ஜனவரியில் அந்தக் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்டார். பழைய கன்சோல்களில் நகரத்தின் காட்சிகளை டிஸ்க்கில் இருந்து ஓட ஓட எடுத்துக் கொடுக்கும் வேலையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்றார், ஆட்கள் அனுபவித்த பிரச்சினைகளில் பெரும்பகுதி எங்கள் டெஸ்டிங்கில் தெரியவில்லை என்றும் சொன்னார். இந்தக் கடைசி வார்த்தைதான் உங்களுக்கு. உங்கள் கணினியில் வராத பக், விளையாடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வரலாம். ஆறில் நான்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 3,000 பேரில் எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அவர்கள் எழுந்து வந்தார்கள், உண்மைதான். 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்த பிறகு அந்த கேமைப் பற்றிய பேச்சே மாறிவிட்டது. ஆனால் அதற்கு மூன்று வருடம் ஆனது. முதல் பத்து நாளிலேயே 1 கோடியே 30 லட்சம் பிரதி விற்ற காசு அவர்கள் கையில் இருந்தது, அதனால் உட்கார்ந்து சரிசெய்ய முடிந்தது. உங்களிடம் இருப்பது ராத்திரி பத்து மணிக்கு மேல் கிடைக்கிற நேரம் மட்டும்.

நுரை விஷயத்துக்கு ஒன்று சொல்கிறேன், தங்கை மனம் நோக வேண்டாம். ஃபைனல் ஃபேன்டசி 14 என்கிற ஆன்லைன் கேம் முதலில் 2010 செப்டம்பரில் வந்தபோது மோசமாக விழுந்தது. அந்த வருடக் கடைசியில் பொறுப்புக்கு வந்த நவோகி யோஷிடா பின்னாளில் ஒரு மாநாட்டில் என்ன தவறு நடந்தது என்று விளக்கினார். அழகின் மேல் இருந்த பிடிவாதம் ஒரு காரணம். ஓரத்தில் சும்மா நிற்கிற ஒரு பூந்தொட்டிக்கு 1,000 பாலிகன் (உருவத்தை அமைக்கிற சின்னத் துண்டுகள்), 150 வரி ஷேடர் கோட் (ஒளி, நிறம் காட்டுகிற கோட்). விளையாடுகிறவரின் பாத்திரத்துக்கு எவ்வளவோ அதே அளவு. இருபது பேர் ஒரே இடத்தில் கூடினால் கேம் திணறாமல் என்ன செய்யும்? கடைசியில் அந்தப் பழைய உலகத்தின் மேல் ஒரு நிலவையே விழ வைத்து, 2012 நவம்பர் 11 அன்று சர்வரை மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். அதைச் செய்த ஸ்கொயர் எனிக்ஸ் மாதிரி ஒரு கம்பெனிக்குத்தான் அது முடியும்.

நுரை இருக்கட்டும். ஆனால் இனி ரிலீஸ் வரை புதுப் படம் ஒன்றுகூட வரையாதீர்கள்.

---

கடலோரக்_காகம் எழுதியது:

டெஸ்டர் அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் நான் இன்னொரு பக்கத்தில் இருந்து பேசுகிறேன், ஏனென்றால் தள்ளிப் போட்டே அழிந்தவன் நான்.

2017இல் ஒரு மீன்பிடிப் படகு கேம் ஆரம்பித்தேன். முதல் தேதி 2019 பொங்கல். அலை சரியாக வரவில்லை என்று ஆறு மாதம் தள்ளினேன். பிறகு மழை சேர்த்தேன், மழை வந்ததும் வலை நனைய வேண்டும் என்று தோன்றியது, வலை நனைந்தால் கனம் கூட வேண்டும், கனம் கூடினால் படகு சாய வேண்டும். நான்கு முறை தேதி மாற்றினேன். 2022இல் ஒரு நாள் அதைத் திறந்து பார்த்தேன், நானே எழுதிய கோட் எனக்குப் புரியவில்லை. மூடிவிட்டேன். இன்று வரை அதை ஒருவர்கூட விளையாடவில்லை. மோசமான ரிவ்யூ வாங்கியிருந்தால்கூட யாரோ ஒருவர் விளையாடினார் என்று இருந்திருக்கும்.

அதனால் தள்ளுவதாக இருந்தால், எதற்காகத் தள்ளுகிறோம் என்பதை ஒரே தாளில் எழுதிவிட்டுத் தள்ளுங்கள். தாளில் இல்லாத எதையும் தொடக் கூடாது.

சில்க்சாங் கேமை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்று மூன்றே பேர் கொண்ட குழு, 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள், 2025 செப்டம்பர் 4 அன்றுதான் வெளியிட்டார்கள். ஆறரை வருடம். வந்த நாளில் ஸ்டீம் முதல் நின்டெண்டோ கடை வரை திணறியது, அதே வாரத்தில் வருவதாக இருந்த பல சின்ன கேம்கள் வழிவிட்டு ஒதுங்கின. சரி, ஆனால் அவர்களுடைய முதல் கேமான ஹாலோ நைட் ஒரு கோடிக்கு மேல் விற்றிருந்தது. யாரும் அவர்களிடம் வாடகை கேட்கவில்லை. எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம். வேலை முடியும் வரை அவர்கள் வாயைத் திறக்கவில்லை, கடைசியில் தேதியைச் சொன்னது ரிலீஸுக்கு இரண்டே வாரம் முன்னால். முடிந்த பிறகு நாள் குறித்தார்கள். நீங்கள் நாளைக் குறித்துவிட்டு முடிக்கப் பார்த்தீர்கள். நானும் அதையே செய்தேன்.

அடுத்தமுறை தேதி போடும்போது "இந்த வருடக் கடைசிக்குள்" என்று மட்டும் போடுங்கள் தம்பி. அப்பாவிடமும் அதையே சொல்லுங்கள்.

---

சேவ்பாயிண்ட் எழுதியது:

தேதி பற்றி அப்புறம் பேசலாம். எனக்கு இரண்டு கேள்வி.

முடித்துவிட்ட அந்த இரண்டு பேர், நடுவில் மூடாமல் ஒரே மூச்சில் விளையாடினார்களா? நீங்கள் டெஸ்ட் செய்யும்போது எட்டாவது ராத்திரிக்கு எப்படிப் போவீர்கள், சேவ் ஃபைலை லோட் செய்தா அல்லது நேராகத் தாவியா? கேம் எந்தெந்த நேரத்தில் தானாக சேவ் ஆகும் என்றும் சொல்லுங்கள்.

---

நள்ளிரவு_டீ எழுதியது:

அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு உடனே ஆறு பேருக்கும் போன் செய்தேன். நீங்கள் சொன்னது சரி. அந்த இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்திருக்கிறார்கள். மற்ற நான்கு பேரும் மூடி மூடித் திறந்து நாலைந்து நாளாக விளையாடியவர்கள்.

நான் ஒரு ஷார்ட்கட் கீ வைத்திருக்கிறேன், அதை அழுத்தினால் எந்த ராத்திரிக்கும் நேராகப் போகலாம். மூன்று வருடமாக அப்படித்தான் டெஸ்ட் செய்கிறேன். இப்போது யோசித்தால், விளையாடுகிறவர் மாதிரி மூடித் திறந்து, "தொடர்க" பட்டனை அழுத்தி நான் கடைசியாக எப்போது உள்ளே போனேன் என்றே ஞாபகம் இல்லை.

ஆட்டோ சேவ் ஒவ்வொரு முறை கல்லாவில் காசு விழும்போதும் நடக்கும். வேறு எப்போதும் இல்லை.

நண்பர்களில் ஒருவர் சொன்னதைக் கேட்டு எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மூன்றாவது ராத்திரியில் இருந்து ஒரு தாத்தா முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாராம். அவர் கதையில் முக்கியமான ஆள், போகப் போக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்து, ஒவ்வொரு ராத்திரியும் அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தாராம்.

---

சேவ்பாயிண்ட் எழுதியது:

அப்படியென்றால் பிடித்துவிட்டோம்.

காசு கொடுத்த பிறகு அந்த ஆள் எழுந்து போக ஒரு சின்ன டைமர் வைத்திருப்பீர்கள், இரண்டு விநாடியோ மூன்று விநாடியோ. சேவ் ஆவது காசு விழுந்த அதே நொடியில். அதாவது டைமர் ஓட ஆரம்பித்த நேரத்தில். சேவ் ஃபைலில் ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார், எந்த பெஞ்ச் என்பதெல்லாம் பதிவாகும், டைமர் பதிவாகாது. திரும்ப லோட் செய்தால் ஆள் பெஞ்சில் இருப்பார், காசு கல்லாவில் இருக்கும், அவரை எழுப்ப வேண்டிய டைமர் மட்டும் உலகத்திலேயே இருக்காது. ஒரு முறை மூடித் திறந்தால் ஒரு ஆள் சிக்குவார். நான்கு முறை மூடித் திறந்தால் நான்கு பெஞ்சும் போச்சு. நான்கு மணி நேர கேமை அரை மணி நேரம் அரை மணி நேரமாக விளையாடுகிற யாருக்கும் ஏழு எட்டாவது ராத்திரி வாக்கில் இது நடந்தே தீரும்.

டைமரை சேவ் செய்யப் போகாதீர்கள், அது வேறு தலைவலி. ஒவ்வொரு ஆளுக்கும் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று ஒரே ஒரு மதிப்பு வையுங்கள்: வந்தார், கேட்டார், குடிக்கிறார், காசு கொடுத்தார். அதை மட்டும் சேவ் செய்யுங்கள். லோட் ஆனதும் அந்தக் கட்டத்துக்கு உரிய வேலையைப் புதிதாகத் தொடங்கி விடுங்கள். பெஞ்ச் காலியா இல்லையா என்பதையும் தனியாக சேவ் செய்ய வேண்டாம், உட்கார்ந்திருக்கிற ஆட்களைப் பார்த்து லோட் நேரத்தில் கணக்கிட்டால் போதும். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதி வைத்தால் ஒரு நாள் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

இன்னொன்று முக்கியம். ஏற்கெனவே சிக்கிக்கொண்ட சேவ் ஃபைல்கள் நண்பர்களிடம் இருக்கும், அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தங்கம் மாதிரி. புது பில்டில் அந்த ஃபைலைத் திறந்ததும், காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற எல்லோரும் எழுந்து போக வேண்டும். பழைய சேவ் ஃபைலையும் சரிசெய்தால்தான் பேட்ச் முழுமை.

இந்த வேலைக்குப் பயமாக இருந்தால் சுலபமான வழி ஒன்று உண்டு. ஸ்டார்டியூ வேலி என்கிற விவசாய கேமில் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும், அதாவது ஒரு நாள் முடிந்தால்தான். அந்த நேரத்தில் உலகம் அசைவில்லாமல் இருக்கும், எழுதி வைக்க வேண்டியது குறைவு. உங்கள் கேமிலும் விடியும்போது மட்டும் சேவ் என்று வைத்துவிட்டால் இந்த வகை பக் மொத்தமும் போய்விடும்.

---

நைட்_டியூட்டி எழுதியது:

விடியும்போது மட்டும் சேவ் என்று தயவுசெய்து வைக்காதீர்கள்.

நான் கேம் செய்கிற ஆள் இல்லை, விளையாடுகிற ஆள். நர்ஸ் வேலை. ராத்திரி டியூட்டியில் நடுவில் கிடைக்கிற இருபது நிமிடம்தான் எனக்கு விளையாட்டு நேரம், அதுவும் எந்த நிமிடம் மணி அடிக்கும் என்று தெரியாது. 14 ராத்திரிக்கு நான்கு மணி நேரம் என்றால் ஒரு ராத்திரி பதினேழு நிமிடம். பதினாறாவது நிமிடத்தில் எழுந்து ஓடினேன் என்றால் எல்லாம் போய்விடும். ஸ்டார்டியூவில் எனக்கு அப்படி எத்தனை நாள் போயிருக்கிறது. ராத்திரிக் கடை பற்றிய கேமை என்னைப் போன்றவர்கள்தான் தேடி வாங்குவோம், எங்களுக்காக அந்தக் கஷ்டமான வழியையே செய்யுங்கள் தம்பி.

ரீஃபண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். எட்டாவது ராத்திரி என்றால் இரண்டு மணி நேரம் தாண்டியிருக்கும். சிக்கிக்கொண்டவருக்குப் பணமும் திரும்பாது, கதையும் முடியாது. அவர் கோபத்தை எங்கே போய்க் கொட்டுவார்? ரிவ்யூவில்தான்.

வெண்பா என்கிற கேமை விளையாடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டொராண்டோவில் விசை கேம்ஸ் செய்தது, 2023 ஜூலை 31இல் வந்தது. முழுதாக ஒன்றரை மணி நேரம்தான். அதாவது முடித்துவிட்டு ரீஃபண்ட் கேட்கக்கூட வழி இருந்தது. அப்படி இருந்தும் அந்தச் சின்ன அளவை அவர்கள் இழுத்து நீட்டவில்லை. இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று அந்தக் கிழிந்த சமையல் நோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற இடத்தில் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்து கண் நிறைந்துவிட்டது. அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக கேமுக்கான விருது வாங்கியது. சின்னதாக இருந்தது, முழுதாக இருந்தது. உங்கள் டீக்கடையும் அப்படி வந்தால் போதும், இரண்டு மாதம் கழித்து வந்தால் நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

---

பழைய_டெஸ்டர் எழுதியது:

சேவ்பாயிண்ட் பிடித்தது அருமை. ஆனால் தம்பி, பக் கிடைத்துவிட்டது, இனி தேதியை மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். இந்த ஒரு பக் தெரிந்தது ஆறு பேர் விளையாடியதால். மூன்று வருடத்தில் வெளி ஆட்கள் முழு கேமையும் தொட்டது இதுதான் முதல் முறை. ஒன்பது முதல் பதினான்கு வரையிலான ராத்திரிகளை இதுவரை இரண்டே பேர்தான் பார்த்திருக்கிறார்கள், அவர்களும் மூடித் திறக்காமல். அங்கே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நடைமுறையைச் சொல்கிறேன். ரிலீஸுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும் வரை ஸ்டீமில் தேதியை நீங்களே மாற்றலாம். அதற்குள் வந்துவிட்டால் ஸ்டீமை நடத்துகிற வால்வு கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும். உங்களுக்கு ஐந்து வாரம் இருக்கிறது, இந்த வாரமே மாற்றுங்கள். கடைசி நேரத்தில் மாற்றினால்தான் ஆட்களுக்குக் கோபம் வரும், ஐந்து வாரம் முன்னால் காரணத்தோடு சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

விஷ்லிஸ்ட்டில் இருக்கிற 3,000 பேருக்கும் ரிலீஸ் அன்று ஸ்டீம் ஒரு மெயில் அனுப்பும். அந்த மெயில் ஒரு முறைதான். அன்று வந்து வாங்குகிறவர்கள் எழுதுகிற முதல் பத்து ரிவ்யூவில்தான் உங்கள் பக்கத்தில் அந்த "நேர்மறை", "கலவை" என்கிற சொல்லே தோன்ற ஆரம்பிக்கும். அந்தப் பத்தில் ஆறு பேர் தாத்தா எழுந்திருக்கவில்லை என்று எழுதினால், பேட்ச் வந்த பிறகும் அந்தச் சொல்லை மாற்ற எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது. நோ மேன்ஸ் ஸ்கை கேம் 2016 ஆகஸ்டில் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டது. அதைச் செய்த ஹலோ கேம்ஸ் வருடா வருடம் இலவசமாக அப்டேட் கொடுத்தும், ஸ்டீமில் அதன் மொத்த ரிவ்யூ "மிகவும் நேர்மறை" பக்கம் திரும்பியது 2024 கடைசியில்தான். எட்டு வருடம்.

எர்லி ஆக்சஸ் உங்களுக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம். திரும்பத் திரும்ப விளையாடுகிற கேமுக்குத்தான் அது நல்ல வழி. ஹேடிஸ் 2018 டிசம்பரில் அப்படி வந்து, கிட்டத்தட்ட இரண்டு வருடம் விளையாடுகிறவர்களின் கருத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்து 2020 செப்டம்பரில் முழுதானது. கதை சொல்கிற கேமை யாரும் இரண்டாம் முறை முதலில் இருந்து விளையாட மாட்டார்கள். பால்டர்ஸ் கேட் 3 செய்ததே என்பீர்கள். பெல்ஜியத்தின் லேரியன் 2020 அக்டோபரில் முதல் பாகத்தை மட்டும்தான் திறந்துவிட்டது, மீதிக் கதையை 2023 ஆகஸ்ட் வரை மூடியே வைத்திருந்தது. நீங்களும் அதன் சின்ன வடிவத்தைச் செய்யலாம். முதல் மூன்று ராத்திரியை டெமோவாகக் கொடுங்கள்.

அந்த டெமோவை ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்கிற டெமோ விழாவில் வையுங்கள். வருடத்துக்கு மூன்று முறை நடக்கும், பிப்ரவரி, ஜூன், அக்டோபர். ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ள முடியும், ரிலீஸ் ஆகிவிட்டால் அதுவும் முடியாது. இதுவரை நீங்கள் போகவில்லை என்றால் அந்த வாய்ப்பு இன்னும் கையில் இருக்கிறது. சொன்ன தேதியில் விட்டீர்கள் என்றால் அதையும் சேர்த்து இழப்பீர்கள்.

---

கடலோரக்_காகம் எழுதியது:

டெமோ நல்ல யோசனை. முடிந்த ஒரு துண்டு வெளியே போகும், என்னைப் போல முழுதும் பெட்டிக்குள்ளேயே கிடக்காது.

ஒரு சின்ன விஷயம், தமிழ் எழுத்து. பக்கத்தில் இருக்கிற வீடியோவில் பேச்சு ஒவ்வொரு எழுத்தாக வருகிறதே, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "கொஞ்சம்" என்று வரும்போது முதலில் "க" வருகிறது, பிறகு அது "கொ" ஆகிறது. "டீ"யும் அப்படியே, முதலில் "ட". வேகமாக ஓடும்போது எழுத்து நடுங்குகிற மாதிரி இருக்கிறது. கோடோ 4இல் எழுத்துகளை எண்ணிக் காட்டுவதை வடிவம் அமைந்த பிறகு செய்யச் சொல்லி ஒரு அமைப்பு இருக்கிறது, முன்னிருப்பாக அது வடிவம் அமையும் முன்னால் என்று இருக்கும். மாற்றினால் "கொ" முழுதாக ஒரே நேரத்தில் வரும். ஐந்து நிமிட வேலை. இதை மட்டும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

---

நள்ளிரவு_டீ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தேதியை எடுத்துவிட்டோம். பக்கத்தில் இப்போது மாதம், நாள் எதுவும் இல்லை, "இந்த வருடக் கடைசிக்குள்" என்று மட்டும் இருக்கிறது. கூடவே ஒரு அறிவிப்பும் எழுதினோம். மூடித் திறந்து விளையாடினால் கேம் நின்றுவிடுகிற ஒரு பக் இருக்கிறது, அதைச் சரிசெய்து, பதினான்கு ராத்திரியையும் வெளி ஆட்கள் முடித்துக் காட்டிய பிறகுதான் நாள் சொல்வோம் என்று அப்படியே எழுதிவிட்டோம். தங்கைதான் எழுதினாள், நான் இரண்டு வாக்கியம் குறைத்தேன். கொஞ்சம் பேர் விஷ்லிஸ்ட்டில் இருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அறிவிப்புக்குக் கீழே, நானும் ராத்திரி ஷிஃப்ட்தான், மெதுவாக வாருங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

அப்பாவிடம் சொன்னேன். என்ன பிரச்சினை என்று கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்த ஆள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்றேன். "அப்ப கடைக்காரன்தானே எழுப்பி விடணும்" என்றார். அதற்குப் பிறகு எப்போது வரும் என்று அவர் கேட்கவில்லை.

தாளில் பதினொரு வேலை இருக்கிறது, அது சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. எழுத்து வருகிற விஷயம் முடிந்தது, "கொஞ்சம்" இப்போது ஒழுங்காக வருகிறது. நைட்_டியூட்டி அக்கா, கஷ்டமான வழியைத்தான் எடுத்தோம், எந்த நிமிடத்தில் மூடினாலும் அங்கிருந்தே தொடரும். ஷார்ட்கட் கீயை அழித்துவிட்டேன், இனி நானும் "தொடர்க" பட்டனை அழுத்தித்தான் உள்ளே போக வேண்டும்.

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு, அந்த நண்பரின் பழைய சேவ் ஃபைலைப் புது பில்டில் திறந்தேன். தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது ராத்திரியில் இருந்து உட்கார்ந்திருந்த அந்தத் தாத்தா எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், லாரி நிற்கிற பக்கம் நடந்து போனார். பின்னாலேயே மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள். நான்கு பெஞ்சும் காலியாகி, இரண்டு விநாடியில் பால் வண்டிக்காரர் உள்ளே வந்தார்.

டெஸ்ட் செய்ய இன்னும் பதினைந்து பேர் வேண்டும், குறிப்பாக ஒன்பதாவது ராத்திரிக்கு மேல். விருப்பம் இருப்பவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், பில்ட் கொடுக்கிறேன். எத்தனை முறை மூடித் திறந்து விளையாடினீர்கள் என்பதை மட்டும் மறக்காமல் எழுதி அனுப்ப வேண்டும்.